உங்களுக்குத் தெரியுமா? – நெஞ்சில் பதிந்தது நிஜம்தானா?

● பத்திர ஆபீஸ் இல்லாத காலத்தில் நிலம் கைமாறியதற்கு என்ன அத்தாட்சி? ரைன் நதிக்கரையில் வாழ்ந்த ஃபிராங்கு இனத்தார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்டத்திலேயே அது இருக்கிறது. கிரயத்துக்குப் பெரியவர்கள் சாட்சி நிற்பது போதாது, சின்னப் பையன்களையும் கூட்டிவர வேண்டும். பணம் கைமாறும் நேரத்தில் பையன் ஒவ்வொருவனுக்கும் கன்னத்தில் ஓர் அறை, காதில் ஒரு திருகு. பிற்பாடு வழக்கு என்று வந்தால் அவன் அந்த நாளை மறந்திருக்க மாட்டான் என்பது கணக்கு. இங்கிலாந்தில் ஊர் எல்லையைச் சுற்றிவரும் சடங்கின்போது பையன்களை எல்லைக் கற்களில் முட்டவைத்தார்கள். நம்மூர் வாத்தியார்களின் நம்பிக்கையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும். என்ன ஒன்று, வாங்கிய அடி இன்றும் ஞாபகம் இருக்கிறது. எந்த வாய்ப்பாட்டுக்காக வாங்கினோம் என்பதுதான் ஞாபகம் இல்லை.

● அறை விழுந்ததும் உடம்புக்குள் என்ன நடக்கிறது? சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அட்ரினலின் அதைச் சுலபமாகத் தாண்டிவிட முடியாது. ஆகவே சேதி வேகஸ் என்ற நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் அமிக்டலாவில் நார்அட்ரினலினைச் சுரக்கவைக்கின்றன. அமிக்டலா என்பது இரண்டு பக்கக் காதுக்கும் உள்ளே ஆழத்தில், பாதாம் பருப்பு அளவில் இருக்கும் மூளைப் பகுதி. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஹிப்போகாம்பஸ். எங்கே, எப்போது, யாரோடு என்று நடந்ததைப் பதிந்துகொள்வது ஹிப்போகாம்பஸின் பொறுப்பு. 'இதை அழுத்தி எழுது' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது அமிக்டலாவின் பொறுப்பு. இந்தப் பாதையைப் பல பத்தாண்டுகள் உழைத்துத் துலக்கியவர், கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெகாவ்.

● ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் பிராப்ரனலால் மாத்திரையைக் கொண்டு 1994இல் மெகாவும் லாரி காஹிலும் ஒரு சோதனை செய்தார்கள். படங்களோடு ஒரு கதை. அம்மாவும் பையனும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். வழியில் பையன் காரில் அடிபடுகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் விபத்துப் பகுதிதான் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்க வேண்டும். வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கு அப்படியே இருந்தது. பிராப்ரனலால் விழுங்கியவர்களுக்கு விபத்தும் கதையின் மற்றப் பகுதிகளைப் போலத்தான் நினைவிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கதையைக் கேட்டபோது அவர்களும் மற்றவர்கள் அளவுக்கு மனம் வருந்தியிருந்தார்கள். வருத்தம் வந்தது, ஆனால் அந்த வருத்தம் நினைவை ஆழப்படுத்தும் வழியை மாத்திரை அடைத்துவிட்டது.

● நடந்து முடிந்த பிறகு வரும் பதற்றமும் கணக்கில் சேரும். 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், படங்களைப் பார்த்து முடித்த பிறகு சிலரைப் பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, மனதை உலுக்கிய படங்கள் அவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தன. சாதாரணப் படங்களில் வித்தியாசம் இல்லை. ஒரு சம்பவம் நடந்த பிறகும் சற்று நேரத்துக்கு மூளையில் மை காயாமல்தான் இருக்கிறது.

● உள்ளங்கையில் குண்டூசியை மறைத்துக்கொண்டு நோயாளியிடம் கைகுலுக்கிய மருத்துவர் ஒருவர் உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த எட்வார் கிளாபரேட். 1911இல் அதை எழுதினார். அந்தப் பெண்மணிக்குப் புதிதாக எதுவும் மனதில் தங்காது. தினமும் பார்க்கும் டாக்டரிடமே தினமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார். ஊசி குத்திய சங்கதியும் சீக்கிரமே அவர் நினைவை விட்டுப் போய்விட்டது. ஆனால் டாக்டர் மறுபடி கையை நீட்டியபோது அவர் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இன்றைய மருத்துவ நெறிக்குழு எதுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் பயம் ஓர் இடத்திலும் பயத்தின் கதை வேறோர் இடத்திலும் தங்குகிறது என்பதை அந்தக் குண்டூசி காட்டிவிட்டது.

● அதை 1995இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட நிறம் திரையில் தோன்றினால் உடனே காதைப் பிளக்கும் கப்பல் ஹாரன் ஒலிக்கும். நாலைந்து தடவை ஆனதும், அந்த நிறத்தைப் பார்த்தவுடனேயே யாருக்கும் உள்ளங்கை வேர்க்கும். அமிக்டலா மட்டும் பழுதுபட்டவருக்கு வேர்க்கவில்லை. ஆனால் எந்த நிறத்துக்குப் பிறகு ஹாரன் வரும் என்று சரியாகச் சொன்னார். ஹிப்போகாம்பஸ் மட்டும் பழுதுபட்டவருக்கு வேர்த்தது. எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் பழுதுபட்ட மூன்றாமவருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

● வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் 27 வயது இளைஞர் ஒருவருக்கு மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை அவருக்கு எந்தப் புதிய நிகழ்ச்சியும் மனதில் தங்கவில்லை. எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அவரை உலகம் அறிந்திருந்தது. ஹென்றி மொலைசன் என்ற பெயர் இறந்த பிறகுதான் வெளியானது. நினைவாற்றலைப் பற்றி இன்று பாடநூல்களில் இருப்பதில் பெரும்பங்கு, தன்னைச் சோதித்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே வரவேற்ற இந்த மனிதரிடம் கற்றது. அவருக்கு அறுவையில் போனது ஹிப்போகாம்பஸ் மட்டும் அல்ல, அமிக்டலாவின் பெரும்பகுதியும்தான். பசி, வலி என்று அவர் தானாக முறையிடுவது அபூர்வம் என்று குறித்திருக்கிறார்கள்.

● பிரிட்டிஷ் இசைக் கலைஞர் கிளைவ் வேரிங்கின் மூளையை 1985இல் ஒரு வைரஸ் காய்ச்சல் தாக்கியது. சில விநாடிகளுக்கு மேல் எதுவும் நிற்காது. மனைவி அடுத்த அறைக்குப் போய்த் திரும்பினால், பல வருடம் பிரிந்திருந்தவரைக் கண்டதுபோல ஓடிவந்து கட்டிக்கொள்வார். கல்யாணம் நடந்த நாளை அவரால் சொல்ல முடியாது. இவர் என் மனைவி, இவரை எனக்கு உயிர் என்பதில் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பியானோ முன் உட்காரவைத்தால் விரல்கள் தப்பாமல் வாசிக்கும்.

● வீட்டில் மறதி நோயுள்ள பெரியவர் இருந்தால் இந்தத் துணுக்கைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 2010இல் அயோவாவில், ஹிப்போகாம்பஸ் பழுதுபட்ட சிலருக்குச் சோகமான படக் காட்சிகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் படம் மறந்துபோனது. படம் பார்த்தோம் என்பதே சிலருக்குத் தெரியவில்லை. ஆனால் சோகம் மட்டும் அப்படியே நின்றது. சிரிப்புப் படத்துக்கும் அப்படியே. காரணம் தெரியாத சந்தோஷம் தங்கியது. 2014இல் அல்சைமர் நோயாளிகளிடம் இதையே செய்து பார்த்தபோதும் அதே முடிவு. 'அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது, போனாலும் மறந்துவிடுவார்' என்று வாரம் ஒருமுறை போவதை நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. நீங்கள் வந்தது அவருக்கு மறந்துவிடும், சரி. வந்துபோன பிறகான அந்த மதிய நேரம் எப்படிக் கழிகிறது என்பது வேறு விஷயம். காலையில் யாரோ எரிந்து விழுந்ததும் அப்படித்தான் தங்கும். எரிந்து விழுந்தவரின் முகம் நினைவிருக்காது, அன்று முழுக்க மனம் கனத்திருக்கும். கனம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. சிலர் மாலையில் காரணமே இல்லாமல் அழுகிறார்கள் என்று கவனித்துக்கொள்கிறவர்கள் சொல்வதைக் கேட்கும்போது, காரணம் காலையில் எங்காவது கிடக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

● 'இவர் என் அம்மா மாதிரியே இருக்கிறார், ஆனால் அம்மா இல்லை, யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்.' விபத்தில் தலையில் அடிபட்டு மீண்ட இளைஞர் ஒருவர் இப்படிச் சாதித்தார். இதை ஆராய்ந்து 1997இல் எழுதியவர்களில் ஒருவர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முகத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதி நன்றாகத்தான் வேலை செய்கிறது. அங்கிருந்து உணர்ச்சிக்குப் போகும் இணைப்பு அறுந்திருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். தெரிந்த முகத்தைக் கண்டால் நம் தோலில் நுண்ணிதாக வேர்வை அரும்பும். அந்த இளைஞருக்குப் பெற்றோர் முகத்தைக் காட்டியபோதும் அரும்பவில்லை. முகம் அம்மாவுடையது, உள்ளே அந்தப் பாசம் எழவில்லை, அப்படியானால் இது போலி என்று மூளை முடிவுகட்டுகிறது. வியப்பு என்னவென்றால் தொலைபேசியில் அதே அம்மா பேசினால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். குரல் போகும் பாதை வேறு.

● அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண்மணியை மருத்துவ உலகம் எஸ்.எம். என்று அழைக்கிறது. ஓர் அபூர்வ மரபணு நோய் காரணம். பாம்புக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பாம்பைக் கையில் எடுத்து வருடிக்கொண்டே, இன்னும் பெரியதைத் தொடலாமா என்று கேட்டார். பேய்வீட்டுக் காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். பயமுறுத்த வந்த வேஷக்காரர்தான் பயந்தார். அவருக்குப் பயமே வராது என்று எழுதி முடித்த பிறகு, 2013இல் ஒரு திருப்பம். கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவர் மிரண்டுபோனார். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டலா வேண்டும். மூச்சு முட்டும் திகிலுக்கு அது வேண்டாம் போலிருக்கிறது.

● இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். 'அந்தச் செய்தியைக் கேட்டபோது நான் எங்கே நின்றேன் என்பதுகூட அப்படியே கண்ணில் நிற்கிறது' என்று சொல்லாதவர் உண்டா?

1899இல் கோல்குரோவ் என்ற அமெரிக்கர், 1865இல் லிங்கன் சுடப்பட்ட சேதி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று 179 பேரைக் கேட்டார். 127 பேர் இடம், பொழுது, பக்கத்தில் நின்றவர் என்று விவரமாகச் சொன்னார்கள். ஜனாதிபதி கென்னடி கொலையை வைத்து ரோஜர் பிரௌனும் ஜேம்ஸ் குலிக்கும் 1977இல் இப்படிப்பட்ட நினைவுகளுக்கு கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பெயராக வைத்தார்கள். ஃபோட்டோ எடுத்தாற்போலப் பதிகிறது என்பது எல்லோருடைய எண்ணமும்.

ஃபோட்டோதானா என்று சரிபார்க்க ஒரே வழி, அன்றைக்கே எழுதி வாங்கிவைப்பது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலை அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம், செய்தி எப்படித் தெரிந்தது என்று எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். 11 பேர் சொன்னதில் முதலில் எழுதியதோடு ஒத்துப்போகும் விவரம் ஒன்றுகூட இல்லை. வகுப்பில் கேள்விப்பட்டதாக எழுதியிருந்த மாணவி, அறைத்தோழியோடு டிவியில் பார்த்ததாகச் சாதித்தார். எவ்வளவு உறுதி என்று கேட்டால் பலரும் ஏறக்குறைய முழு உறுதி என்றார்கள். கடைசியில் அவர்களுடைய பழைய தாளையே கையில் கொடுத்தார் நைசர். தங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகும் தாளில் உள்ளது யாருக்கும் நினைவுக்குத் திரும்பவில்லை.

2001 செப்டம்பர் 12 அன்று டியூக் பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களிடம் முந்தைய நாள் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலைப் பற்றியும், அதே வாரத்தில் நடந்த ஒரு சாதாரண விஷயத்தைப் பற்றியும் எழுதி வாங்கினார்கள். மாதங்கள் போகப் போக இரண்டிலும் பிழைகள் ஒரே அளவில்தான் கூடின. மாறுபட்டது ஒன்றே ஒன்று. சாதாரண நினைவில் நம்பிக்கை தேய்ந்தது. தாக்குதல் நினைவில் தேயவே இல்லை. ஆக, உணர்ச்சி கூட்டித் தருவது துல்லியத்தைவிட உறுதியைத்தான். குடும்பச் சண்டைகளில் 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்ற வாக்கியத்துக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

● அன்றைய அமெரிக்க ஜனாதிபதியும் தப்பவில்லை. முதல் விமானம் கோபுரத்தில் மோதியதை, ஃபுளோரிடாவில் பள்ளி வகுப்பறைக்குள் போவதற்கு முன் டிவியில் பார்த்ததாக ஜார்ஜ் புஷ் பின்னர் பொது மேடைகளில் சொன்னார். அந்த நேரத்தில் அந்தக் காட்சி எந்த டிவியிலும் வரவில்லை. பொய் சொல்கிறார், முன்பே தெரிந்திருக்கிறது என்று சதிக்கதை கட்டியவர்கள் உண்டு. நினைவின் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அது வெறும் சேலஞ்சர் மாணவி கதைதான்.

● நேரில் கண்டவருக்கும் செய்தியில் கண்டவருக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. அதே தாக்குதலை நினைவுகூரச் சொல்லி நியூயார்க்வாசிகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2007இல் முடிவு வந்தது. அன்று கோபுரங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் அமிக்டலா தனியாகத் துடித்தெழுந்தது. சில மைல் தள்ளி நகரத்தின் நடுப்பகுதியில் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை.

● அடிதடியில் கத்தி நினைவிருக்கும், கத்தி பிடித்தவன் சட்டை நிறம் நினைவிருக்காது. உணர்ச்சி நடுப்பொருளைக் கூர்மையாக்கிச் சுற்றியிருப்பதை மங்கவிடுகிறது. தூக்கமும் இதற்கு உடந்தை. நொறுங்கிய காரும் பின்னால் தெருவும் உள்ள படத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கியவர்களுக்குக் கார் பத்திரமாக இருந்தது, தெரு கழன்றுபோனது என்று 2008இல் கண்டார்கள்.

● பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற நடுச் சந்தியில் இறங்கித்தான் மூளையின் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். வாசனைக்கு அந்தச் சுற்று இல்லை. மூக்கிலிருந்து வரும் நரம்புகள் அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸின் வாசலையும் ஏறக்குறைய நேராகவே போய்த் தட்டுகின்றன. ஸ்வீடனில் 65 வயது தாண்டியவர்களிடம் சொற்கள், படங்கள், வாசனைகள் ஆகியவற்றைக் கொடுத்துப் பழைய நினைவு எதுவும் வருகிறதா என்று கேட்டார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் 10 வயதுக்கு மேற்பட்ட காலத்தைக் கொண்டுவந்தன. வாசனை 10 வயதுக்கு முந்தைய காலத்துக்குக் கூட்டிப்போனது. கோபால் பல்பொடி டப்பாவைத் திறந்து பார்த்திருந்தால் உங்களுக்கு இதற்கு ஆய்வே தேவைப்படாது.

● இந்த வாசனை நினைவுக்கு உலகெங்கும் உதாரணம் காட்டப்படுவது, பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் தேநீரில் நனைத்த மேடலின் கேக். 1913இல் வந்த நாவல். அதன் கையெழுத்துப் பிரதிகளில் முதலில் இருந்தது கேக் அல்ல, சுட்ட ரொட்டி. இலக்கியத்தின் பெயர்பெற்ற நினைவே திருத்தி எழுதப்பட்டதுதான்.

● அறுபது வயதுக்காரரிடம் வாழ்க்கையில் மறக்க முடியாதவற்றைச் சொல்லச் சொன்னால், 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் வரிசை வரிசையாக வரும். முதல் வேலை, முதல் காதல், முதல் சம்பளம் எல்லாம் குவிந்திருக்கும் காலம். நான் யார் என்று முடிவாகும் காலமும் அதுவே. பாட்டுக்கும் இதே விதி. 2009இல் பெட்ர் யனாட்டா என்ற ஆய்வாளர், கல்லூரி மாணவர்களுக்கு அவர்களுடைய சிறுவயதில் பிரபலமாக இருந்த பாடல்களைப் போட்டு ஸ்கேன் செய்தார். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் நடுப்பகுதி, சொந்த நினைவைக் கிளறிய பாட்டுக்குக் கூடுதலாக விழித்தது. அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடத் தாமதமாகச் சிதையும் பகுதி அது. இளையராஜாவா, ரகுமானா, அனிருத்தா என்று விடியவிடிய வாதிடுகிறவர்கள் இசையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அவரவர் பிறந்த வருடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

● உங்கள் முதல் நினைவு எந்த வயதில்? பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் ஒன்றும் இருக்காது. குழந்தையின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் வேகவேகமாக முளைப்பதே பழைய பதிவுகளைக் கலைத்துவிடுகிறது என்று எலிகளை வைத்து 2014இல் காட்டினார்கள். ஆனால் இனத்துக்கு இனம் வித்தியாசம் இருப்பதற்கு இது பதில் சொல்லாது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக இரண்டரை வயதைச் சற்றுத் தாண்டியதுமே தொடங்குகிறது. அங்குள்ள வெள்ளையருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்னால். மாவோரிக் குடும்பங்களில் பழங்கதையையும் பிள்ளை பிறந்த கதையையும் விரிவாகச் சொல்லும் வழக்கம் வலுவானது. 'அன்னிக்கு யானை பார்த்தோமே, அது என்ன பண்ணிச்சு? நீ ஏன் அழுதே?' என்று பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுப் பேசும் தாய்மாரின் குழந்தைகளுக்கு நினைவு சீக்கிரம் தொடங்கி, அடர்த்தியாகவும் இருக்கிறது.

● 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இது ஒரு சுற்று. இன்னொரு சுற்றில் அதே 60 விநாடி, பிறகு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் தண்ணீர் 15 டிகிரிக்கு மெல்ல ஏறும். வலி எதில் அதிகம்? சந்தேகமில்லாமல் இரண்டாவதில். எந்தச் சுற்றைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். டேனியல் கானமன் குழுவின் 1993 சோதனை இது. எவ்வளவு நேரம் வலித்தது என்பதை நினைவு எண்ணி வைத்துக்கொள்வதில்லை. உச்சக்கட்ட வலியையும் கடைசிக் கட்டத்தையும் மட்டும் எடுத்துவைத்துக்கொள்கிறது. பந்தியில் கடைசியாகப் பாயசம் வைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வைத்தவர்கள் இல்லை.

● பழைய சம்பவத்தோடு ஒட்டியிருக்கும் கசப்பு, இனிப்பைவிடச் சீக்கிரம் மங்குகிறது. நாட்குறிப்புகளை வைத்துப் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு இது. ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டித் தீர்த்தவர்களே 20 வருடம் கழித்து அதைப் பற்றி உருகுவது இதனால்தான். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இந்த மங்கல் சரியாக நடப்பதில்லை.

● மனச்சோர்வில் இன்னொன்றும் நடக்கும். 'சந்தோஷம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரும் ஒரு நாளைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், மற்றவர்கள் போன தீபாவளிக்குத் தங்கை வந்ததைச் சொல்வார்கள். மனச்சோர்வில் உள்ளவர் 'லீவு நாட்களில் சந்தோஷமாக இருப்பேன்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். குறிப்பிட்ட ஒரு நாளுக்குள் இறங்க முடிவதில்லை. பிரிட்டனில் 1986இல் மார்க் வில்லியம்ஸ் இதைக் கவனித்து எழுதினார். குறிப்பிட்ட நினைவுகளை எடுத்துச் சொல்லப் பழக்குவதே இன்று ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்திருக்கிறது.

● எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தால் நன்றாகத்தானே இருக்கும் என்கிறவர்களுக்கு ஜில் பிரைஸ் பதில். 1980 பிப்ரவரி 5 முதல் ஒவ்வொரு நாளும் தனக்கு நினைவிருப்பதாக அவர் சொல்வார். தேதியைச் சொன்னால் கிழமை, அன்றைய செய்தி, தன் வீட்டில் நடந்தது எல்லாம் வரும். 2000இல் அவர் மெகாவுக்குக் கடிதம் எழுதியது பெருமை பேச அல்ல, உதவி கேட்டு. பழைய அவமானமும் பழைய துக்கமும் அன்றைய சூட்டோடு திரும்பத் திரும்ப வருவதாக முறையிட்டார். அவர் பள்ளியில் சராசரி மாணவி. பாடம் மனப்பாடம் ஆகாது. அபூர்வமாக வளர்ந்திருந்தது சொந்த வாழ்க்கையின் நினைவு மட்டும். இன்னொரு சேதி: இந்த வகை ஆட்கள் 20 பேரை 2013இல் சோதித்தபோது, நடக்காததை நடந்ததாக நம்பவைக்கும் சோதனைகளில் அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள்.

● நினைவை எடுக்கும்போதெல்லாம் அது இளகுகிறது. 2000இல் நியூயார்க்கில் கரீம் நாதர், ஜோசஃப் லெடூ ஆகியோர் எலிகளுக்கு ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கினார்கள். மறுநாள் ஒலியை மட்டும் கேட்கவைத்துவிட்டு, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். எலிகளுக்கு அந்த ஒலிமேல் இருந்த பயம் பெரும்பாலும் போய்விட்டது. ஒலியைக் கேட்காத எலிகளுக்கு அதே மருந்தைச் செலுத்தினால் பயம் போகவில்லை. பழைய நினைவை வெளியே எடுத்தால்தான் அதை மாற்ற முடிகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க மூளை புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

● வியட்நாம் போரில் மூளையில் குண்டுச் சிதறல் பாய்ந்து உயிர் தப்பிய அமெரிக்கச் சிப்பாய்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். போரின் கொடுங்காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நோய், மூளைக் காயம் இல்லாத சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருந்தது. அமிக்டலாவில் காயம்பட்ட 15 பேரில் ஒருவருக்கும் இல்லை. இதே போரை வைத்து இன்னோர் ஆய்வு: இந்த நோயால் அவதிப்பட்ட சிப்பாய்களின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தது. போர்தான் சிறுக்கவைத்தது என்று நினைத்தார்கள். போருக்கே போகாத அவர்களுடைய ஒரே சாயலுள்ள இரட்டைச் சகோதரர்களை 2002இல் ஸ்கேன் செய்தால், அவர்களுக்கும் சிறிதாகவே இருந்தது. நோய்க்கு இடம் கொடுத்தது பிறவி அமைப்பாக இருக்கலாம்.

● கொடிய நினைவு ஏன் பழசாவதில்லை? சூடு, சத்தம், உடல் நடுக்கம் எல்லாம் ஒரு பக்கம் அழுத்தமாகப் பதிந்திருக்கும். இது இந்த ஊரில், இந்தத் தேதியில் நடந்தது, முடிந்தும்விட்டது என்ற தகவல் அதோடு ஒட்டாமல் நிற்கும். எனவே அது வரும்போதெல்லாம் இப்போதே நடப்பதுபோல வரும். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் இதற்காக உருவாக்கிய சிகிச்சை பார்வைக்கு எளியது. தரையில் ஒரு கயிற்றை நீட்ட வேண்டும். அது பிறந்ததிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு கயிற்றின் தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கதை சொல்ல வேண்டும்; கல் வரும் இடத்தில் எங்கே, எப்போது, என்ன சத்தம், உடம்பு என்ன செய்தது, இப்போது சொல்லும்போது என்ன செய்கிறது என்று விடாமல், நிதானமாக.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்த சில வாரங்களில், போரையும் ஏற்கெனவே பார்த்திருந்த இலங்கை வடகிழக்கின் பிள்ளைகள் 31 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் முறையில் ஆறு அமர்வுகள். மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அதே ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதம் பேர் அந்த நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். கல்லையும் பூவையும் தொடாத இரண்டாம் குழுவில் 71 சதவீதம். 31 பேரை வைத்துக்கொண்டு எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் இரண்டும் பயன்தந்தன என்றே எழுதினார்கள்.